ஓசூர் ஸ்டேஷன் பக்கம் பழைய வீடு வச்சிருக்கவங்க, ஜேவி-ல (நெலம் நம்மளது, கட்டற காசு பில்டரது, கட்டுனத பங்கு போட்டுக்கற ஒப்பந்தம்) கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

பெருசா எழுதியிருக்கேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. பில்டர் பேரு, பில்டிங் பேரு எதுவும் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்குது, வக்கீல் வாய தொறக்காதன்னு சொல்லியிருக்காரு. ஆனா போன வாரம் எங்க அடுத்த தெருவுல ஒரு வீட்டுக்கு, எங்க வீட்டுக்கு ஜேவி பேச வந்தப்போ வந்த அதே மாதிரி ஸ்வீட் பாக்ஸ் போயிருக்குன்னு கேள்விப்பட்டதும் தூக்கம் வரல, அதான் எழுதறேன்.

எங்க வீடு ஓசூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கற தூரம். நாலரை சென்ட், ஓட்டு வீடு, எங்கப்பா கட்டுனது. முன் ரூம் தெருவ பாத்தாப்புல இருக்கும், அதுல 14 வருஷமா நான் டெய்லர் கடை வச்சிருந்தேன், ரெண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக். காலைல பெங்களூருக்கு வேலைக்கு போற பொம்பளைங்க ஓடிக்கிட்டே துணிய வாசல்ல வீசிட்டு போவாங்க, "அக்கா, பழைய அளவுதான்"னு கத்திட்டு. சாயங்காலம் ரயில் விட்டு எறங்கி வரும்போது வாங்கிட்டு போவாங்க. அவ்ளோதான் என் பிசினஸ். போர்டு கூட பெருசா கெடையாது, வழியில இருந்தேன், அதனால வந்தாங்க. இந்த விஷயம் எனக்கு அப்போ புரியல, இப்போ நல்லா புரியுது.

ஏரியா மாறிக்கிட்டேதான் இருந்துச்சு. ஓசூர் 2019ல மாநகராட்சி ஆனதுக்கப்புறம் ஓட்டு வீடு ஒண்ணொண்ணா காணாம போயி பிஜி ஹாஸ்டலா எழும்புச்சு, மளிகைக் கடை இருந்த எடத்துல மோமோஸ், சிப்காட்டுக்கு வேலைக்கு வர்ற பசங்க ஒரு கட்டிலுக்கே வாடகை குடுக்கறாங்க. அப்போதான் அந்த பில்டர் ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு. தை மாசம், 2024. எங்கம்மா கால தொட்டு கும்பிட்டாரு. "அம்மா, நீங்க எனக்கு அம்மா மாதிரி"ன்னாரு. (யாராவது மொத சந்திப்புலயே கால்ல விழுந்தா பத்திரத்த பீரோவுல வச்சு பூட்டிருங்க, சீரியஸா சொல்றேன்.)

பிளான் இதுதான். எங்க வீடு, பக்கத்துல ரெண்டு வீடு, மூணும் சேத்தா 14 சென்ட். எல்லாத்தையும் இடிச்சிட்டு கீழ ஆறு கடை, மேல 12 வீடு. நெலம் எங்களது, கட்டற காசு அவரது, கட்டுனதுல பாதி பாதி. அதுல எங்க குடும்பத்து பங்குக்கு ரெண்டு வீடு, தெருவ பாத்தாப்புல ஒரு கடை, கட்டி முடியற வரைக்கும் வீட்டு வாடகை மாசம் 9,000, கைல அஞ்சு லட்சம் அட்வான்ஸ். 18 மாசத்துல சாவி.

இதுக்கு மேல ஒரு மசாலா தூவுனாரு, மெட்ரோ. பெங்களூருல பொம்மசந்திரா வரைக்கும் லைன் கட்டியாச்சு, அங்கருந்து அத்திப்பள்ளி வழியா ஓசூர், ஸ்டடி நடக்குது, பேப்பர்ல வந்துருச்சு, அறிவிப்பு வந்துட்டா நெல ரேட் எகிறிரும், அப்புறம் எனக்கு கட்டுபடியாகாது, இந்த மாசமே முடிச்சிரலாம்னாரு. ஸ்டடி நடந்தது உண்மைதான், சென்னை மெட்ரோகாரங்கதான் எடுத்து பண்ணாங்க. ஆனா ஸ்டடி வேற, தண்டவாளம் வேற. சென்னை மெட்ரோ ஓடறது 25 கேவி ஏசி கரண்ட்டுல, பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் டிசில, ரெண்டையும் எப்படி சேக்கறதுங்கறதே ஒரு பெரிய பஞ்சாயத்து, இதெல்லாம் நான் பின்னாடி தெரிஞ்சிக்கிட்டது. எங்க தாத்தா சொல்லுவாரு, வெள்ளக்காரன் காலத்துல தர்மபுரியிலருந்து ஓசூருக்கு ஒரு சின்ன லைன் ஓடுச்சாம், 1941ல அதயும் நிறுத்திட்டாங்களாம். ஓடிக்கிட்டு இருந்த ரயிலே நின்ன ஊரு இது, வராத ரயில நம்பி நாங்க அவசரப்பட்டோம்.

கையெழுத்து போட்டோம். ஜேவி அக்ரிமெண்ட் ஒண்ணு, பவர் பத்திரம் (எங்களுக்கு பதிலா அவரு கையெழுத்து போடறதுக்கு நாங்க குடுக்கற அதிகாரம்) ஒண்ணு, ரெண்டும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முறையா பதிஞ்சதுதான். அதுல "நில உரிமையாளர்களுக்கு கட்டுமானப் பரப்பில் 50 சதவீதம்"னு இருந்துச்சு. தம்பி எலக்ட்ரானிக் சிட்டில வேலை பாக்கறான், படிச்ச பையன், அவனும் படிச்சு பாத்துட்டு 50 இருக்குல்ல போதும்னான். எந்த 50ன்னு ஒருத்தருக்கும் கேக்க தோணல. முன்னாடி 50யா பின்னாடி 50யா, கீழயா மேலயா? ஸ்டேஷன் பக்கத்துல கட்டற இந்த மாதிரி பில்டிங்ல தெருவ பாத்த கடைக்கு இருக்கற ரேட்டு வேற, அதே அளவு மூணாவது மாடி வீட்டுக்கு இருக்கற ரேட்டு வேற, சதுரடி கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். 50 சதவீதம்னு பத்திரத்துல எழுதி எங்கள திருப்தி பண்ணிட்டு முன்பக்கம் மொத்தத்தையும் அவரு எடுத்துக்கிட்டாரு, சட்டப்படி ஒரு வரி கூட மீறாம.

பூமி பூஜை அன்னிக்கு நான் கடையப் பத்தி கேட்டேன். "உனக்கு இல்லாததா தங்கச்சி"ன்னு சொல்லி அவரு லெட்டர்பேடுல அங்கயே எழுதி குடுத்தாரு, "கடை எண் 2, 300 சதுரடி". கலர் புக்குல காட்டுனாரு, தெருவ பாத்தாப்புல எடது பக்கம் ரெண்டாவது, அதுல போட்டோ மாதிரி ஒரு பொம்பள பை எடுத்துக்கிட்டு கடைக்குள்ள நொழையறா. எங்கம்மா அந்தப் பக்கத்த கிழிச்சி சாமி படத்துக்கு பக்கத்துல வச்சாங்க.

வீட்ட இடிச்சாங்க. நாங்க ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு போனோம், மெஷின திண்ணைல போட்டேன். பழைய கஸ்டமர்ல பத்துல ரெண்டு பேரு வந்திருப்பாங்க, அதுவும் தீபாவளிக்கு. வாடகை 9,000 மொத ஒரு வருஷம் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் பத்தாந்தேதி, இருவதாந்தேதின்னு இழுத்து 14வது மாசத்தோட நின்னே போச்சு. போன் போட்டா "பில்லு பாஸாகல அக்கா". தங்கச்சியா இருந்தவ எப்போ அக்கா ஆனேன்னு தெரியல.

18 மாசம் முடியவேண்டியது 2025 ஆகஸ்ட். அந்த மாசம் 10ந்தேதி பெங்களூருல மஞ்சள் லைன் தொறந்தாங்க, ஆர்வி ரோட்டுலருந்து பொம்மசந்திரா வரைக்கும். அன்னிக்கு அவர்கிட்டருந்து வாட்ஸப்புல வீடியோ வருது, "மெட்ரோ வந்துருச்சு, வாழ்த்துக்கள்"னு. சாவி எங்கன்னு கேட்டேன், நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

அடுத்த மாசம் நேரா சைட்டுக்கே போயிட்டேன். முன்னாடி ஷட்டர் மாட்டிக்கிட்டு இருக்காங்க, எடது பக்கம் ரெண்டாவது கடைல ஒரு பேக்கரிக்காரரு நின்னு ஓவன் எங்க வெக்கறதுன்னு அளந்துக்கிட்டு இருக்காரு. இது என் கடைங்க அப்படின்னேன். அவரு பாவம் முழிக்கறாரு, "நான் கிரயம் பண்ணி வாங்கிட்டேன்மா, கடை எண் 5"ங்கறாரு. அஞ்சா? சூப்பர்வைசர் வந்தாரு, உங்களுது பின்னாடி மேடம்னு கூட்டிட்டு போனாரு. கார் பார்க்கிங் வழியா உள்ள போயி, ஜெனரேட்டர் வெக்கற மேடைய ஒட்டி ஒரு ரூம். கதவு மேல சாக்பீஸ்ல 2ன்னு எழுதியிருக்கு.

புரியுதா? லெட்டர்ல இருந்தது "கடை எண் 2". பொய்யே இல்ல. கலர் புக்குல 2 முன்னாடி, அப்ரூவ் ஆன பிளான்ல 2 பின்னாடி. பக்கத்து வீட்டு பையன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) சைட்டுல தேடி அந்த பிளான எடுத்து குடுத்தான், பூமி பூஜைக்கு மூணு வாரம் முன்னாடியே அப்ரூவ் ஆயிருக்கு, அதாவது என்கிட்ட சிரிச்சிக்கிட்டே 2ன்னு எழுதும்போதே அது எங்க இருக்குன்னு அந்த மனுஷனுக்கு தெரியும்.

நான் அளவெடுத்து பொழைக்கறவ. பைல இன்ச் டேப் எப்பவும் இருக்கும். அங்கயே அளந்தேன், சுவருக்கு சுவர் 10 அடி 4 இன்ச், நீளம் 18 அடி. 186 சதுரடி. 300 எங்கன்னா மாடிப்படி, லிப்ட், வராண்டா எல்லாத்துலயும் உங்க பங்கு சேந்ததுங்கறாரு. என் கடைக்கு வர்ற கஸ்டமர் லிப்ட்டுல எங்க போவாங்க, மொட்டமாடிக்கா?

வீட்டுக்கு வந்து ஆன்லைன்ல வில்லங்கம் போட்டு பாத்தோம், பதிவுத்துறை சைட்டுல சும்மாவே பாக்கலாம், காசு கெடையாது. அதுல இன்னொரு இடி. 14 சென்ட்டும் சேத்து எம்ஓடி ஏறியிருக்கு, அதாவது ஒரிஜினல் பத்திரத்த வச்சு கடன். "பிளான் அப்ரூவலுக்கு ஒரிஜினல் வேணும்"னு வாங்கிட்டு போனாரே, அது. பவர் பத்திரத்துல ஒன்பதாவது பக்கம் அடமானம் வெக்கற அதிகாரமும் இருக்கு. நாங்கதான் குடுத்திருக்கோம், ஒவ்வொரு பக்கத்துலயும் எங்கம்மா கைநாட்டு.

அப்புறம் அலைச்சல். போலீஸ்ல சிவில் மேட்டர்னாங்க. பவர ரத்து பண்ணிரலாம்னா, காசு போட்டு கட்டியிருக்காரு, அவருக்கும் சொத்துல பாத்தியதை வந்துருச்சு, இந்த மாதிரி பவர நம்ம இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாதுன்னு வக்கீல் சொல்றாரு. ரெராவுக்கு போலாமான்னா, அதுல வாங்குனவங்களுக்கு வழி நேரா இருக்கு, நீங்க நெலம் குடுத்தவங்க, உங்களுக்கு சிவில் கோர்ட்டுதான்னு சொல்லிட்டாரு. மீதி இருக்கற கடைய விக்கக்கூடாதுன்னு தடை கேட்டு போட்டிருக்கோம். அந்த லெட்டர்பேடும், சாமி படத்துக்கு பக்கத்துல இருந்த கலர் பக்கமும்தான் இப்போ எங்க சாட்சி. அம்மா அத தூக்கி போடாம வச்சிருந்ததுக்கு வக்கீல் எங்கள பாராட்டுனாரு, அந்த ஒரு பாராட்டுதான் இதுவரைக்கும் வந்த லாபம்.

ஸ்டேஷன் பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்க யாரு ஜேவி பேச வந்தாலும் நான் சொல்றத செய்யுங்க. பிளான் அப்ரூவ் ஆகறதுக்கு முன்னாடி பவர் குடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதுல ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா அதுல விக்கற அதிகாரம் அவரு பங்குக்கு மட்டும்னு எழுதுங்க, அடமானம்ங்கற வார்த்தையே வரக்கூடாது. அப்ரூவ் ஆன பிளான் கைக்கு வந்ததும் உங்க கடை, உங்க வீடு எதுன்னு அந்த பிளான்லயே கலர் அடிச்சு, நாலு பக்கமும் என்ன இருக்குன்னு எழுதி, பங்கு பிரிக்கற அக்ரிமெண்ட்டா பதியுங்க. அது பதியற வரைக்கும் அவரு பங்குலயும் ஒரு சதுரடி விக்க விடாதீங்க. சதுரடி போட்டா சுவருக்குள்ள எவ்வளவுன்னு தனியா போட சொல்லுங்க. லெட்டர்பேடு வேணாம். ஒரிஜினல் பத்திரம் கேட்டா ஜெராக்ஸ் குடுங்க, பாக்கணும்னா வீட்டுக்கு வந்து பாக்கட்டும்.

மேல வீடு வாங்குனவங்க கதை வேற. ஒரு சின்ன ஜோடி, பொம்மசந்திரால வேலை, மெட்ரோ வந்துரும்னு நம்பி புக் பண்ணியிருக்காங்க, என்கிட்ட வந்து அழுவறாங்க. அவங்ககிட்ட அக்ரிமெண்ட் பதியறதுக்கு முன்னாடியே கால்வாசி பணம் வாங்கிட்டாரு. ரெரா சட்டத்துல பதிஞ்ச அக்ரிமெண்ட் இல்லாம பத்து சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது. விளம்பரத்துல பொய் சொல்லி ஏமாத்தியிருந்தா வட்டியோட பணத்த திருப்பி கேக்கவும் வழி இருக்கு, அதனால கலர் புக்கு, வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனேன். கடை கஸ்டமருக்கும் வீட்டுக்காரங்களுக்கும் ஒரே வாசல், ஒரே மாடிப்படின்னு அவங்களுக்கு இப்போதான் தெரியுதாம். கீழ பேக்கரி வேற வருது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வண்டி நிக்கும்.

அடுத்த தெரு பாட்டிக்கு தெலுங்குதான் நல்லா வரும், எனக்கு அரைகுறை. அவங்க பேத்திக்கு போன் பண்ணி சொல்லியிருக்கேன், தேதி குறிச்சிட்டாங்களாம், வர்ற புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். நாளைக்கு சாயங்காலம் எங்க பிளான் காப்பி, அந்த கலர் பக்கத்தோட ஜெராக்ஸ், இன்ச் டேப்பு மூணையும் எடுத்துட்டு பாட்டி வீட்டுக்கு போறேன். எங்கம்மாவும் வராங்களாம்.