பத்தாண்டு, ஓர் இணையதளம், ஆறு மின்னஞ்சல் கணக்குகள்: ஓர் உழவர் குழுவின் ஹோஸ்டிங் அனுபவம்

மன்னார்குடிக்கு அருகில் மரபு நெல் பயிரிடும் உழவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் குழுவுக்கு 2015இல் ஓர் இணையதளம் தொடங்கினோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார் அரிசிகளை இடைத்தரகர் இல்லாமல் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். அன்று முதல் அந்தத் தளத்தையும் அதனோடு சேர்ந்த ஆறு மின்னஞ்சல் கணக்குகளையும் நான் பார்த்துவருகிறேன். கணினி படித்தவன் அல்லேன்; குழுவின் விற்பனைக் கணக்கைப் பார்க்கப் போனவன் தலையில் இதுவும் வந்து விழுந்தது. தளத்தைத் தங்கள் சர்வரில் (எப்போதும் இணையத்தில் இயங்கும் கணினியில்) வைத்து நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் இரண்டிடம் இதுவரை இருந்திருக்கிறோம். அவற்றின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் எங்களுக்கு நேர்ந்த இடர்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தாலும் நேர்ந்திருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தளத்தை வைத்துக்கொள்வது எளிது, மின்னஞ்சலை ஒழுங்காக நடத்துவதுதான் பெரும்பாடு. தளம் அரை நாள் நின்றபோது எங்களை ஒருவரும் கேட்டதில்லை. ஆர்டர் மெயில் ஒன்று வராமல் போனபோது நாற்பது மூட்டைச் சரக்கு கிடங்கிலேயே கிடந்தது.

தொடக்கத்தில் தளத்தை அமைத்துக் கொடுத்தவர் எங்கள் ஊரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். நல்ல பிள்ளை, வேலையையும் நேர்த்தியாகச் செய்தார். ஆனால் டாட் காம் டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, தம் பெயரிலும் தம் சொந்த மின்னஞ்சல் முகவரியிலும் பதிவு செய்திருந்தார், நாங்களும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. 2017இல் அவர் வெளிநாடு போய்விட்டார். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அனைத்தும் அவர் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் யாரோ ஒருவருடைய விளம்பரப் பக்கம் வந்தது. மின்னஞ்சலும் அதே நேரத்தில் நின்றுபோயிருந்தது. காலாவதியான டாட் காம் பெயரைச் சலுகைக் காலத்துக்குள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதைத் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும் அதற்குக் கட்டணம் பல மடங்கு. நாங்கள் சலுகைக் காலத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டோம். இரவு பதினொன்றரை மணிக்கு அந்தப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஓடிபி எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் இங்கே தட்டச்சு செய்து பெயரைக் குழுவின் பேருக்கு மாற்றினேன். டொமைன் உரிமையாளரின் பெயர் மாறியதால் அடுத்த 60 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்கு டொமைனைக் கொண்டுபோக முடியாது என்ற விதி அப்போதுதான் தெரியவந்தது. இப்போது டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வைத்திருக்கிறோம். மதகின் சாவி ஊர்ப் பொதுவில் இருக்க வேண்டும், வாய்க்கால் வெட்டியவர் மடியில் இருக்கக்கூடாது என்று எங்கள் குழுத் தலைவர் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார். டொமைன் கணக்குக்கு நாங்கள் கொடுத்திருக்கும் தொடர்பு முகவரி அந்த டொமைனிலேயே இயங்கும் முகவரியன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டொமைன் நின்றால் அந்த முகவரியும் நின்றுவிடும், எச்சரிக்கை எங்கே வந்து சேரும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னைகள் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சர்வர் மும்பையில் இருந்ததால் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் இருட்டில் இருந்தபோதும் உதவ விரும்பியவர்கள் விற்பனை முகவரிக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். பலர் படங்களையும் பட்டியல்களையும் இணைத்து அனுப்பினார்கள். அந்த மின்னஞ்சல் பெட்டியின் கொள்ளளவு 250 எம்பி. கணக்கு தொடங்கியபோது தானாக வந்த அளவு அது, நான் மாற்றியதே இல்லை. பெட்டி நிரம்பிவிட்டது என்ற அறிவிப்போடு கடிதங்கள் திரும்பிப் போகத் தொடங்கின. பெறும் சர்வர் முழுதாகவே நின்றிருந்தால்கூட அனுப்பும் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் விடாமல் முயன்றுபார்க்கும். நிரம்பிய பெட்டிக்கு எங்கள் சர்வர் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை, வந்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டது. தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து சி-பேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து அந்த அளவைக் கூட்ட எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்பு எத்தனை பேர் எழுதி ஓய்ந்தார்கள் என்பது தெரியாது.

முதல் நிறுவனத்தை விட்டு விலகியதற்குக் காரணம் விலை. முதல் ஆண்டுச் சலுகை முடிந்தபின் புதுப்பிக்கும் கட்டணம் இரண்டரை மடங்குக்கு மேல் போயிற்று. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், விலைப்பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது. 2019இல் இடம் மாறினோம். டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இணைய முகவரிப் பட்டியல்) மாற்றம் உலகெங்கும் போய்ச்சேர ஒரு நாள் ஆகும் என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டபோது, மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை கடந்து கடைமடைக்கு வருவதைப் போல என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் இங்கே எதுவும் பாய்ந்து வருவதில்லை. ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்ட பழைய முகவரியை ஒவ்வொரு சர்வரும் குறித்த நேரம்வரை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு டிடிஎல் என்று பெயர். எங்கள் பதிவுகளில் அது 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 300 விநாடியாகக் குறைத்துவைத்ததால் மறுநாள் ஐந்தாறு நிமிடத்தில் தளம் புதிய சர்வரிலிருந்து திறந்தது.

திறந்தது, ஆனால் தமிழைக் காணோம். மாப்பிள்ளைச் சம்பா இருந்த இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வரிசைகட்டி நின்றன. கெட்டுப்போன தமிழை அடையாளம் காண அந்த இரண்டும் போதும். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்க உதவும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றை லத்தீன் எழுத்துகள் என்று தவறாக எடுத்துக்கொண்டால் முதல் பைட் எப்போதும் அந்தச் சாய்கோட்டு 'ஏ'வாகத்தான் தெரியும். பழைய தரவுத்தளம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்ற முத்திரையோடு தமிழைச் சேமித்திருக்கிறது. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவற்றைச் செய்ததால் நான்காண்டுகளாகத் திரையில் சரியாகவே தெரிந்திருக்கிறது. புதிய இடத்துக்கு ஏற்றியபோது அங்குள்ள தரவுத்தளம் லத்தீனை யூடிஎஃப்-8ஆக மாற்றுவதாக நினைத்துக்கொண்டு தமிழை இரண்டாம் முறை குறியேற்றிவிட்டது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பேசியவருக்கு இது விளங்கவில்லை. எழுத்துரு மாற்றிப் பாருங்கள் என்றார். கடைசியில் பழைய சர்வரிலிருந்து லத்தீன்-1 என்றே குறிப்பிட்டுத் தரவை மீண்டும் இறக்கி, கோப்பின் தலைப்பில் மட்டும் அதை யூடிஎஃப்-8எம்பி4 (தரவுத்தளத்தில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) என்று திருத்தி, புதிய இடத்தில் ஏற்றியபின் எழுத்துகள் திரும்பி வந்தன. பழைய கணக்கை அன்றே மூடியிருந்தால் இதற்கு வழியே இருந்திருக்காது. இடம் மாறுபவர்கள் ஒரு மாதமாவது இரண்டு இடத்துக்கும் பணம் கட்டுவது நல்லது.

இனி மின்னஞ்சல். புதிய இடத்தில் விற்பனை முகவரியை நான், பொதி கட்டும் பிரிவைப் பார்க்கும் தங்கை ஒருவர், கணக்கர் மாமா ஆகிய மூவரும் திறந்து பார்ப்போம். சில மாதங்களில் ஒரு விந்தை தொடங்கியது: காலை ஏழு மணிக்கு என் கைப்பேசியில் பார்த்த கடிதங்கள் பத்து மணிக்கு இருப்பதில்லை. பாஸ்வேர்டு திருட்டாக இருக்குமோ என்று இரண்டு முறை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றிய அன்று மட்டும் கடிதங்கள் தங்கின, மாமாவுக்குப் புதிய பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்த மறுநாளே மறைந்தன. அதன்பிறகுதான் அவருடைய மேசைக் கணினியில் போய் உட்கார்ந்தேன்.

"மெயில் எல்லாம் எங்கேயும் போகலப்பா, இங்க பத்திரமா இருக்கு பாரு" என்றார் மாமா. உண்மைதான், பத்திரமாகத்தான் இருந்தன. பழைய மென்பொருளில் கணக்கு பாப்-3 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அது காலை ஒன்பதரைக்கு அவர் கணினியைப் போட்டவுடன் சர்வரிலிருந்த கடிதங்களையெல்லாம் இறக்கிக்கொண்டு, சர்வரில் இருந்த நகலை அழித்துவிடும். சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கச் சொல்லும் சிறிய கட்டத்தில் டிக் விழவில்லை. கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறைக்கு மாற்றி, அவர் கணினியில் சேர்ந்திருந்த ஒன்றரை ஆண்டுக் கடிதங்களைச் சர்வருக்குத் திரும்ப இழுத்துவைத்தேன். அத்தோடு மூவரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிரும் வழக்கத்தையும் விட்டோம். குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய கணக்கை அழிப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அந்த முகவரிக்கு வருவதை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டு ஆறு மாதம் வைத்திருக்கிறோம்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளை இறுக்கின. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்குத்தான் கடுமையான விதிகள் என்பதால் எங்களுக்கு அக்கறையில்லை என்று இருந்தேன். ஆனால் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (கடிதத்தோடு போகும் மின்கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்பது சிறிய அனுப்புநருக்கும் உண்டு. ஜிமெயில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியல்கள் 550 5.7.26 என்ற மறுப்பு எண்ணோடு திரும்பத் தொடங்கின. காரணம் என் கையாலேயே நடந்தது. முந்தைய ஆண்டு அறுவடை அறிவிப்புகளை மொத்தமாக அனுப்ப ஒரு சேவையில் சேர்ந்தபோது அவர்கள் தந்த எஸ்பிஎஃப் வரியை டிஎன்எஸ்-இல் புதிதாக ஒரு பதிவாகச் சேர்த்திருந்தேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பிழை என்று தள்ளிவிடுவார்கள். இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்தேன், சி-பேனலில் டிகிம் சாவியை இயக்கினேன், இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டி-மார்க் பதிவை வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்தேன். மறுநாளே கடிதங்கள் போய்ச்சேர்ந்தன.

ஆயினும் பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரு குறை என்ன செய்தாலும் தீராது. இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்ணான ஒரே ஐபி முகவரியில் நம்மோடு நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று குப்பைக் கடிதம் அனுப்பினால் அந்த ஐபியே தடைப்பட்டியலில் ஏறும், நம்முடைய கடிதமும் ஸ்பேமில் விழும். அந்த ஆண்டில் இரண்டு முறை அப்படி நடந்தபின், தளத்தை அங்கேயே விட்டுவிட்டு மின்னஞ்சலை மட்டும் கட்டணச் சேவை ஒன்றுக்கு மாற்ற முடிவு செய்தோம். டொமைனுக்கு வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினேன், பழைய பெட்டிகளை நகலெடுத்தேன், சோதனைக் கடிதங்கள் வந்தன, நிம்மதியாக இருந்தேன். ஒன்பது நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, தளத்தில் ஆர்டர் படிவம் நிரப்பி ஒரு வாரமாகிறது, பதிலே இல்லை என்றார்.

தளத்தின் படிவம் அனுப்பும் கடிதம் வெளியே வந்து எம்எக்ஸ் பதிவைப் பார்ப்பதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சி-பேனல் சர்வரில் 'மின்னஞ்சல் வழியமைப்பு' உள்ளூர் என்று இருக்கும்வரை, எங்கள் டொமைனுக்குப் போகும் கடிதத்தை அந்த சர்வர் தன்னிடமே இருக்கும் பழைய பெட்டியில் போட்டுக்கொள்கிறது. மதகைத் திருப்பியாயிற்று, ஆனால் வயலுக்குள் இருந்த பழைய கன்னி வாய்க்காலை அடைக்கவில்லை. யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் பதினோரு ஆர்டர்கள் கிடந்தன. வழியமைப்பை வெளிச்சர்வர் என்று மாற்றியபின், பதினொருவருக்கும் தனித்தனியே எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஏழு பேர் வாங்கினார்கள். படிவம் இப்போது எஸ்எம்டிபி (உள்நுழைந்து கடிதம் அனுப்பும் முறை) வழியாக, குழுவின் சொந்த முகவரியை அனுப்புநராகக் கொண்டே கடிதம் அனுப்புகிறது. வாடிக்கையாளரின் முகவரி பதிலளிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக: நிறுவனம் எடுக்கும் பேக்கப்பை நம்பியிருக்கவில்லை. மாதம் ஒரு முறை முழுப் பேக்கப்பை இறக்கி ஒரு வன்தட்டில் வைக்கிறேன். சர்வரிலேயே விட்டுவைத்தால் அது நம் இடத்தைத்தான் தின்னும். தளத்தை இயக்கும் வேர்டுபிரஸ் மென்பொருளில் பிளக்-இன்களை (துணைநிரல்களை) ஐந்துக்கு மேல் வைப்பதில்லை. தளத்தோடான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது, இதுவரை ஒரே ஒரு தடவைதான் தவறியது.

பத்துப் பதினைந்து பக்கம் உள்ள தளத்துக்குப் பகிர்வு ஹோஸ்டிங் இன்றும் போதும்; இப்போதைய நிறுவனத்தின் வேகத்திலும் சேவையிலும் எனக்குப் பெரிய குறையில்லை, தமிழ் எழுத்துச் சிக்கலைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்திருக்கிறது. கட்டணச் சேவைக்கு மாறியதில் மின்னஞ்சல் செலவு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே ஏறியதால், ஆறு கணக்குகளை நான்காக்கி, மற்ற இரண்டை வேறொரு கணக்கின் பெட்டிக்கே கடிதம் சேரும் மாற்றுப்பெயர்களாக வைத்திருக்கிறோம். ஹோஸ்டிங்கை ஆடி மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் விலை குறையும் என்கிறார்கள். குழுவின் கூட்டத்தில் ஓராண்டுக்கு மட்டும் கட்டச் சொல்லப்போகிறேன். கணக்கர் மாமா மூன்றாண்டு என்கிறார்.