பேய்க்கதைக்கும் பிறந்த தேதி உண்டு: ட்ரோவ், குரோனிக்ளிங் அமெரிக்கா – ஒரு மதிப்பீடு

விசித்திரக் கதையை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் நண்பரின் ஒரே கேள்வியில் அது படுத்துவிடும்: "இது முதலில் எங்கே வந்தது?" கொலை, ஆவி, வானத்திலிருந்து விழுந்த இறைச்சி என்று இருவர் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். பதில் தேட ஏற்ற இலவசச் சேவைகள் இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ். மற்றொன்று, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் நடத்தும் குரோனிக்ளிங் அமெரிக்கா. படிக்கக் காசு வேண்டாம், கணக்கு தொடங்கவும் வேண்டாம். பழைய நாளிதழ்ப் பக்கங்களைப் படமாகவும், ஓசிஆர் மூலம் கணினி வாசித்த எழுத்தாகவும் இரண்டும் தருகின்றன.

நடந்தது உண்மையா என்று இவை தீர்ப்புச் சொல்லாது. கதையின் எந்தத் துண்டு எந்த ஆண்டில் வந்து ஒட்டிக்கொண்டது என்று காட்டும். இவற்றின் பெரிய பயன் அதுதான்.

ஃபிஷரின் ஆவியை எடுத்துக்கொள்வோம். சிட்னிக்கு அருகே கேம்பல்டவுனில் ஃபிரெடரிக் ஃபிஷர் என்ற விவசாயி 1826 ஜூன் 17 அன்று காணாமல் போனார். அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டதாகச் சொன்ன அண்டை வீட்டுக்காரர் ஜார்ஜ் வொரால், ஃபிஷரைக் கொன்ற குற்றத்துக்காக 1827 பிப்ரவரி 5 அன்று தூக்கிலிடப்பட்டார். வேலிக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஃபிஷரின் ஆவி, உடல் கிடக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டியதாக ஊர் சொல்கிறது. 1956 முதல் அந்த ஆவியின் பெயரில் விழாவே நடக்கிறது. ட்ரோவில் 1826, 1827 ஆண்டுகளுக்குள் தேடலைக் குறுக்கி வழக்குச் செய்திகளைப் படித்தால் அங்கே ஆவி இல்லை. அது 1832-இல், ஒரு சிட்னி பத்திரிகை வெளியிட்ட கவிதை வழியாகத்தான் அச்சுக்கு வருகிறது. வழக்கின் சாட்சியத்திலோ அதைவிட வியப்பான செய்தி இருக்கிறது: கில்பர்ட் என்ற பழங்குடித் தடங்காணி, தேங்கிய நீரின் மேல் படிந்த படலத்தை எடுத்துச் சுவைத்து, இது வெள்ளைக்காரனின் கொழுப்பு என்று சொல்லி உடல் இருந்த இடத்துக்கு வழிகாட்டினார். ஆவியைச் சொல்லி இவரை விட்டுவிட்டால் கதையின் உயிரே போய்விடும்.

தேடும் முறை சிரமமில்லை. பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஆண்டைக் குறுக்குங்கள். முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி அடுக்குங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாக வரும் வரிசையில் பிற்கால நினைவுக் கட்டுரைகள் மேலே வந்து நிற்கும். அவற்றில் கதை ஏற்கெனவே மெருகேறியிருக்கும். ஒரே பெயர் இரண்டு மூன்று விதமாக அச்சாகியிருக்கும் என்பதால் வொரால், வொரெல் என்று எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

இன்றைய பெயரில் தேடுவது அடுத்த பிழை. 1948 டிசம்பர் 1 அன்று அடிலெய்டின் சோமர்டன் கடற்கரையில் கிடந்த உடலை உலகம் இப்போது 'சோமர்டன் மேன்' என்கிறது. அந்த வாரத்து நாளிதழுக்கு அவர் கடற்கரையில் கிடந்த ஓர் உடல், அவ்வளவே. அதனால் "சோமர்டன்", "உடல்" என்ற சொற்களை ஆங்கிலத்தில் இட்டு, 1948 டிசம்பரில் தொடங்கி மாதம் மாதமாக வாருங்கள். அவருடைய கால்சட்டையின் சிறு பையில் இருந்த காகிதத் துண்டில் அச்சாகியிருந்த பாரசீகச் சொற்கள் 'தமாம் ஷுத்', அதாவது 'முடிந்தது'. நாளிதழ்கள் அதைத் 'தமான் ஷுத்' என்று தவறாக அச்சிட்டன. அந்தத் தவறே பரவியது. சரியான எழுத்தில் மட்டும் தேடினால் பல செய்திகள் தப்பிவிடும். 2022-இல் பேராசிரியர் டெரக் அபட்டும் மரபுவழி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும், அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்ற மின்பொறியாளர் என்று அறிவித்தார்கள். அந்தப் பகுதி ட்ரோவின் நாளிதழ்களில் கிடைக்காது. பதிப்புரிமை காரணமாக அதன் நாளிதழ்கள் பெரும்பாலும் 1954-உடன் நின்றுவிடுகின்றன. 'கேன்பரா டைம்ஸ்' போன்ற சில மட்டுமே தாண்டிப் போகின்றன.

ட்ரோவின் பெரிய பலம், பக்கத்தைச் செய்தி செய்தியாகப் பிரித்து வைத்திருப்பது. "ஃபிஷர்", "கொலை" இரண்டையும் போட்டால் இரண்டும் ஒரே செய்திக்குள் இருப்பவை கிடைக்கும். ஒவ்வொரு செய்திக்கும் நிலையான முகவரி உண்டு. நண்பருக்கு அப்படியே அனுப்பலாம். ஓசிஆர் எழுத்து படத்துக்கு அருகிலேயே தெரியும், தவறு இருந்தால் வாசகரே திருத்தலாம். படிக்கும்போது பத்து வரியைத் திருத்திவிட்டுப் போங்கள். அடுத்து தேடுகிறவருக்கு அந்தச் செய்தி அகப்படும். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம்.

குரோனிக்ளிங் அமெரிக்கா முழுப் பக்கத்தையே அலகாகக் கொண்டு தேடுகிறது. ஒரு சொல் முதல் பத்தி விளம்பரத்திலும் மற்றொரு சொல் ஏழாம் பத்தி இரங்கல் செய்தியிலும் இருந்தாலும் அந்தப் பக்கம் பட்டியலில் வந்துவிடும். எனவே இங்கே மேற்கோள் குறிக்குள் சொற்றொடராகத் தேடுவது கட்டாயம். அதிலும் ஒரு சிக்கல்: வரி முடிவில் வெட்டுண்டு ஹைபன் போட்ட சொல்லை ஓசிஆர் இரண்டாகப் படிக்கும், சொற்றொடர் அறுந்துபோகும். நீளமான சொற்றொடர் கைவிட்டால் இரண்டு சொல்லாகச் சுருக்குங்கள். கைபேசித் திரையில் இந்த அகலப் பக்கங்களைப் படிப்பது கண்ணுக்குப் பெரும் வேதனை. பிடிஎஃப் இறக்கிக் கணினியில் பாருங்கள். ஐந்துக்கு நாலு.

ஆனாலும் இதில்தான் 'கிரீன்பிரையர் ஆவி' போன்ற வழக்குகளின் காலச் சூழல் கிடைக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் 1897 ஜனவரி 23 அன்று ஸோனா ஹீஸ்டர் ஷூ என்ற இளம் மனைவி இறந்தார். மகள் நாலு இரவு வந்து, கணவன் கழுத்தை முறித்ததைச் சொன்னதாகத் தாய் மேரி ஜேன் ஹீஸ்டர் அரசு வழக்குரைஞரிடம் முறையிட்டார். பிப்ரவரி 22 அன்று உடலைத் தோண்டிப் பரிசோதித்தார்கள், கழுத்து முறிந்திருந்தது. ஜூலையில் கணவனுக்கு ஆயுள் தண்டனை. "ஆவி சாட்சி சொல்லித் தண்டனை வாங்கித் தந்தது" என்று சொல்வது பிழை. அரசுத் தரப்பு ஆவியைத் தொடவே இல்லை. தாயின் மதிப்பைக் குலைக்க எண்ணிக் குறுக்கு விசாரணையில் அதைக் கிளறியது எதிர்த்தரப்பு, தாய் அசையவில்லை. ஸோனாவின் இறப்பை வெளியிட்ட உள்ளூர் வார இதழின் அதே ஜனவரி 28 இதழில், ஆஸ்திரேலியாவில் கொலையுண்டவனின் ஆவி பற்றிய கதை ஒன்றும் இருந்தது. தாய் அதைப் படித்தாரா என்பதை எந்தப் பக்கமும் சொல்லாது. ஆனால் தேடல் முடிவில் வந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவருக்கு இந்தப் பொருத்தம் கண்ணில் படவே படாது. முழுப் பக்கத்தையும், முடிந்தால் முழு இதழையும் பாருங்கள்.

எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் கூடாது. 1876 மார்ச் 3 அன்று கென்டக்கியின் பாத் கவுண்டியில், தெளிந்த வானத்திலிருந்து இறைச்சித் துண்டுகள் விழுந்த செய்தி எத்தனையோ இதழ்களில் வந்தது. அன்றைய ஆசிரியர்கள் அடுத்த ஊர்ப் பத்திரிகையைக் கத்தரித்து அப்படியே அச்சிடுவார்கள். ஐம்பது இதழில் வந்ததால் ஐம்பது சாட்சி ஆகிவிடாது. மிகப் பழைய தேதி, சம்பவத்துக்கு மிக அருகிலுள்ள ஊர் – இந்த இரண்டும் சேரும் செய்தியைப் பிடியுங்கள். பறந்துகொண்டிருந்த பிணந்தின்னிக் கழுகுகள் கக்கியிருக்கும் என்ற விளக்கமும் அதே ஆண்டில் வந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் ருசிக்கும்.

அச்சில் வந்தாலே உண்மை என்றும் ஆகாது. 1835 ஆகஸ்டில் 'நியூயார்க் சன்' நிலவில் சிறகு முளைத்த மனிதர்கள் இருப்பதாகத் தொடர் வெளியிட்டது, முழுக்கக் கட்டுக்கதை.

கதை சொல்லப் போகுமுன் ஒரு துண்டுத்தாளில் மூன்று தேதிகள் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்தது, முதல் செய்தி வந்தது, விசித்திரத் துண்டு முதலில் தலைகாட்டியது. மூன்றாவதைக் கடைசிவரை கைக்குள் வைத்திருங்கள். இறந்தவரின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். ஸோனா ஓர் ஆவி ஆவதற்கு முன்பு ஒரு தாய்க்கு மகள்.

பிற்காலக் கதைகளுக்கு இரண்டுமே போதாது. குரோனிக்ளிங் அமெரிக்கா 1963-உடன் முடிகிறது. எல்மர் மெக்கர்டி என்ற ரயில் கொள்ளையர் 1911 அக்டோபரில் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்தக் காலத்துப் பக்கங்களில் தேடலாம். பதப்படுத்திய அவர் உடல் காட்சிப்பொருளாகக் கைமாறி, 1976 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச் பொழுதுபோக்குப் பூங்காவில், பொம்மை என்று எண்ணிய படப்பிடிப்புக் குழுவின் கையோடு கை கழன்று வந்ததற்கு வேறு கிடங்குதான் பார்க்க வேண்டும்.