கூத்துப் பதிவை இறுவட்டில் எழுதுமுன்: கோப்பின் அளவா, ஓடும் நேரமா?

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளும் விடிய விடிய ஆடப்படுபவை. அரங்கேற்றத்தைப் பதிவு செய்து கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கும் கூத்தர் வீடுகளுக்கும் டிவிடியாகக் கொடுப்பவர்கள், அது இறுவட்டில் கொள்ளுமா என்பதைக் கோப்பின் அளவைக் கொண்டு பார்க்கலாம். ஓடும் நேரத்தைக் கொண்டும் பார்க்கலாம். எது பொருந்தும் என்பது எழுதப்போகும் இறுவட்டின் வகையைப் பொறுத்தது.

கோப்பை மாற்றாமல் தரவு இறுவட்டாக எழுதுவதானால் அளவைப் பார்த்தால் போதும், ஆனால் பைற்று எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டும். உறையில் உள்ள 4.7 கிகாபைற்று ஆயிரத்தின் மடங்குகளில் போட்ட கணக்கு. விண்டோஸ் 1024இன் மடங்குகளில் கணக்கிட்டு அதே பெயரில் காட்டுவதால், அந்த இறுவட்டு அங்கே ஏறத்தாழ 4.38 ஆகவே தெரியும். எனவே விண்டோஸ் 4.5 என்று காட்டும் கோப்பு அடங்கிவிடும்போலத் தோன்றினாலும், அதில் 483 கோடி பைற்றுகள் உள்ளன. ஒருமுறை எழுதும் இறுவட்டு வகைகளில் டிவிடி-ஆர் கொள்வது 4,707,319,808 பைற்றுகள், டிவிடி+ஆர் கொள்வது 4,700,372,992 மட்டுமே. விளிம்புவரை நிரப்பாமல் நூறு மெகாபைற்றாவது விட்டுவைப்பது நல்லது. தனிக்கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டினால் யூடிஎஃப் என்ற கோப்பு ஒழுங்கமைப்பு முறையில் எழுத வேண்டும்.

வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவேண்டிய வீடியோ இறுவட்டுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அதற்காகப் படம் எம்பெக்-2 என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றப்படுவதால் மூலக்கோப்பின் அளவு பொருளற்றதாகிவிடுகிறது: கைபேசியில் எடுத்த 3 கிகாபைற்றுப் பதிவும் கமராவில் எடுத்த 30 கிகாபைற்றுப் பதிவும் மூன்று மணி நேரம் ஓடுமானால், இறுவட்டில் இரண்டுக்கும் கிடைக்கும் இடம் ஒன்றுதான். இறுவட்டின் பைற்றுகளை எட்டால் பெருக்கி, ஓடும் செக்கன்களால் வகுத்தால், ஒரு செக்கனுக்கு எத்தனை பிற்றுகள் கிடைக்கும் என்பது தெரியும். ஒலியையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிற்று, மூன்று மணி நேரத்துக்கு 3.5, எட்டு மணி நேரக் கூத்தை முழுதாக அடைத்தால் வெறும் 1.3. அந்த அளவில் ஆடுகளமான களரியைச் சுற்றிவரும் ஆட்டத்தின் கால்வீச்சுகள் சதுரம் சதுரமாகச் சிதறும்; கூத்தில் பார்க்கவேண்டியதே அந்த ஆட்டம்தான் என்பதால், இதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இரட்டை அடுக்கு இறுவட்டு 8.5 கிகாபைற்று கொள்ளும். ஆயினும் அதன் விலை கூடுதல், பழைய பிளேயர்கள் சில அதை வாசிப்பதில்லை. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஒற்றை அடுக்கு இறுவட்டாகப் பிரித்து, ஒரு கொலு (அரசவைக் காட்சி) முடிந்து அடுத்த வரவு (பாத்திரத்தின் நுழைவு) தொடங்கும் இடத்தில் வெட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். மூலக்கோப்புகளைத் தனியே வன்தட்டில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் எம்பெக்-2 ஆக மாற்றும்போது இழந்த தெளிவை இறுவட்டிலிருந்து மீட்க முடியாது.