18650 செல் மொத்தமா வாங்கப் போறவங்க கவனத்துக்கு: 18,600 ரூபாய் போச்சு

கோபம் அடங்குறதுக்கு முன்னாடியே எழுதிடுறேன். அடங்கிட்டா "போகட்டும்"னு விட்டுடுவோம், அந்தக் கடைக்காரன் அடுத்த ஆளைப் பிடிச்சிடுவான்.

அறுபது 18650 செல் (லேப்டாப் பேட்டரிக்குள்ள எல்லாம் இருக்குமே, அந்த உருளை லித்தியம் செல்), ஒண்ணு 310 ரூபாய், மொத்தம் 18,600 ரூபாய். "புதுசு, ஏ கிரேடு, 3500 எம்ஏஎச்"னு (எம்ஏஎச்ங்கிறது செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்ங்கிற அளவு) சொல்லி வித்தது பூரா லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு எடுத்த பழைய செல். மேலே புது உறை போட்டு அனுப்பியிருக்காங்க. கடைப் பேரை இங்கே போடலை. லித்தியம் செல், பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற பலகை), நிக்கல் பட்டை, ஸ்பாட் வெல்டர் எல்லாம் விக்கிற இணையக் கடைன்னு வச்சுக்கோங்க. தளத்துல விலை மட்டும்தான் இருக்கும், ஆர்டர் வாட்ஸாப்ல. இந்த மாதிரி கடை இப்போ ஏகப்பட்டது இருக்கு. எப்படி வாங்கணும், எப்படிச் சோதிக்கணும்னு கடைசியில விவரமா போடுறேன்.

செல் எதுக்குன்னு முதல்ல சொல்லிடுறேன், அப்போதான் பின்னாடி வர்ற கணக்கு புரியும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்துல தேனீப் பெட்டி வச்சிருக்கிறவங்களுக்காக நம்ம ஆளுங்க சேர்ந்து செய்யிற எடைக் கருவி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில இருந்தும் காசு போட்டவங்க உண்டு. பெட்டிக்கு அடியில எடையை உணர 50 கிலோ லோடு செல் நாலு, அதைப் படிக்க எச்எக்ஸ்711 சிப், மூளையா ஒரு அட்மெகா328, எஸ்எம்எஸ் அனுப்ப சிம்800எல், 6 வோல்ட் சோலார் பலகை, அதுல இருந்து சார்ஜ் ஏத்த டிபி4056, பேரலல்ல (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து) ரெண்டு 18650. இப்படி 30 கருவி. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுறப்போதான் இந்தப் பக்கம் தேன் வரத்து. பூவுல இருந்து இல்லை, தளிரோட காம்பு நுனியில ஊறுற மதுவுல இருந்து. அந்தச் சில வாரம் பெட்டி எடை தினமும் எவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சா, எந்தப் பெட்டியில எப்போ தேன் எடுக்கணும்னு தோட்டத்துக்குப் போகாமலே சொல்லிடலாம். செல் இல்லைன்னா 30 கருவியும் சும்மா பலகைதான்.

கடைக்காரனை நம்பின இடத்தைத்தான் நீங்க கவனிச்சுப் படிக்கணும். மத்த கடையில கேட்டா "ஒரிஜினல் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னுதான் பதில் வரும். இவன் அப்படிச் சொல்லலை. ராத்திரி பதினொரு மணிக்கு அவனே திருப்பிக் கேட்டான்: "அண்ணே, கட்-ஆஃப் எவ்வளவு வச்சு டெஸ்ட் பண்ணுவீங்க? இந்த செல்லுக்கு 3500ங்கிறது 2.65 வோல்ட் வரைக்கும் இறக்கினாதான். உங்க சார்ஜர் 2.8ல நிறுத்திடும், அப்போ 3300 பக்கம்தான் காட்டும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்க."

கட்-ஆஃப்னா செல்லை இறக்குறதை எந்த வோல்டேஜ்ல நிறுத்துறோம்ங்கிறது. விவரம் தெரியாதவனுக்கு இந்தக் கேள்வி வராது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. டேட்டாஷீட்ல (தயாரிக்கிறவங்க தர்ற விவரத் தாள்) 0.2சி டிஸ்சார்ஜ் (அஞ்சு மணி நேரத்துல காலியாகிற வேகம்), 2.65 வோல்ட் கட்-ஆஃப்னுதான் போட்டிருக்கு. விக்கிறவனே "குறைச்சுத்தான் காட்டும்"னு முன்கூட்டியே சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அதுக்கு மேலே, "முதல்ல நாலு சாம்பிள் எடுங்க, சோதிச்சுப் பார்த்துட்டு மொத்தமா எடுக்கலாம்"னான். சாம்பிளும் வந்தது. நாலும் 48 கிராமுக்கு மேல. 3.5 வோல்ட்டை ஒட்டி, ஒண்ணுக்கொண்ணு 0.01 வோல்ட் வித்தியாசம்கூட இல்லை. 500 மில்லி ஆம்பியர்ல இறக்கினதுல நாலும் 3300 தாண்டுச்சு. இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (செல்லுக்குள்ளேயே இருக்கிற மின்தடை, குறைவா இருந்தா நல்லது) 25 மில்லி ஓம் பக்கம். குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. அதுக்கப்புறம்தான் 18,600 ரூபாய் யுபிஐல போச்சு. ஜிஎஸ்டி பில் "பார்சல்லயே வரும் அண்ணே"ன்னான்.

பார்சல் வந்துச்சு. பில் வரலை.

பெட்டியைத் திறந்ததும் மல்ட்டிமீட்டர் வச்சாச்சு. ஒரு செல் 3.92 வோல்ட், பக்கத்துல இருந்தது 2.7, அடுத்தது 3.4. ஏழு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே. கதை அங்கேயே முடிஞ்சது. ஃபாக்டரியில இருந்து ஒரே லாட்டுல வர்ற புது செல் எல்லாம் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ்ல இருக்கும். தனி செல்லை விமானத்துல ஏத்தணும்னா 30 சதவீத சார்ஜுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016ல இருந்து சர்வதேச விதி இருக்கு. அதனால புதுசா வர்றது பெரும்பாலும் 3.4, 3.6ன்னுதான் நிக்கும். 3.92ம் 1.9ம் ஒரே பெட்டியில இருந்தா அது பத்து வெவ்வேறு பேட்டரியில இருந்து பொறுக்கினது.

எடை 43ல இருந்து 46 கிராம் வரைக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. "9900 எம்ஏஎச்"னு அச்சடிச்சு விக்கிற சுத்த டூப்ளிகேட், கையில எடுத்தாலே காத்து மாதிரி இருக்கும், தராசே வேண்டாம். (18650 அளவுல 5000, 6000னு எழுதியிருந்தாலே பொய்.) ஆனா லேப்டாப்ல இருந்து எடுத்த 2200 எம்ஏஎச் செல் 44, 45 கிராம் வரும். 3500 செல்லுக்கும் அதுக்கும் நாலஞ்சு கிராம்தான் வித்தியாசம். சமையல்கட்டு தராசுல ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினா தப்பிச்சிடும். 0.1 கிராம் காட்டுற தராசு வேணும், இல்லைன்னா பத்து செல்லை ஒண்ணா வச்சு நிறுக்கணும்.

உறையைக் கிழிச்சுப் பார்த்தா நெகட்டிவ் முனையில வட்ட வட்டமா கிரைண்டர் தேய்ச்ச கோடு. அதுக்கு நடுவுல ஸ்பாட் வெல்டிங் போட்ட குழி, ரெண்டு ரெண்டா. ஒரு செல்லுல தேய்க்கிறவன் விட்டுட்ட நிக்கல் துணுக்கு ஒட்டிட்டே இருக்கு, கடுகளவுதான், ஆனா நகத்துல தட்டுது. பாசிட்டிவ் பக்கம் காகித வளையம் மட்டும் புத்தம் புதுசு, அதைத் தூக்கினா அடியில துருவும் காய்ஞ்ச எலக்ட்ரோலைட் கறையும்.

2 வோல்ட்டுக்குக் கீழே இருந்த ஏழையும் சார்ஜே போடலை. அவ்வளவு இறங்கின செல்லுல ஆனோடுல (நெகட்டிவ் பக்கம்) இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிச்சிடும். திரும்ப சார்ஜ் ஏத்தறப்போ அந்தச் செம்பு கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி போட்டுடும். இன்னிக்கு நல்லா இருக்கிற மாதிரி காட்டும், என்னிக்குச் சூடாகும்னு சொல்ல முடியாது. ரப்பர் தோட்டத்துல, காய்ஞ்ச சருகு நடுவுல, மரப்பெட்டிக்கு அடியில வைக்கிற சாமான் இது. அந்த ஆசாமி இதெல்லாம் தெரிஞ்சவன்தான். கட்-ஆஃப் வோல்டேஜ் பேசினவனுக்கு இது தெரியாதா?

மிச்சம் 53ஐயும் சார்ஜ் ஏத்தி இறக்கினதுல, பெரும்பாலானது 1100ல இருந்து 1700க்குள்ள. ஒண்ணுகூட 2100 தொடலை. 210 ஆம்பியர் ஹவருக்குக் காசு கொடுத்திருக்கு, வந்து சேர்ந்தது எண்பதை ஒட்டி. அந்த எண்பதும் முழுசா உதவாது. சார்ஜ் ஏத்தி மேசையில வச்சிருந்ததுல சிலது தானாவே 4.2ல இருந்து 4.0க்குக் கீழே இறங்கிட்டு இருக்கு.

கொள்ளளவு குறைஞ்சாலும் சோலார் இருக்கே, ஒப்பேத்திடலாமேன்னு கேப்பீங்க. முடியாது, ரெசிஸ்டன்ஸ் விடாது. சிம்800எல் டவரைத் தேடுறப்போ 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அதுவும் 577 மைக்ரோ செகண்ட் துடிப்பா. 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனா அணைஞ்சிடும். இந்த செல்லுல இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் சராசரி 110 மில்லி ஓம். ரெண்டு பேரலல்னா 55. ப்ரொடெக்ஷன் பலகையில சுவிட்சா இருக்கிற மாஸ்ஃபெட் 50, ஹோல்டர் ஸ்பிரிங்கும் ஒயரும் சேர்ந்து 35. மொத்தம் 140 மில்லி ஓம், 2 ஆம்பியருக்கு 0.28 வோல்ட் விழும். விடியக்காலையில பேட்டரி 3.65ல நிக்கிறப்போ மாட்யூலுக்குப் போறது 3.37, ரீசெட். நல்ல செல்லா இருந்தா அதே இடத்துல 3.45 கிடைச்சிருக்கும், எஸ்எம்எஸ் போயிருக்கும். 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டும் பார்த்தாச்சு, பகல்ல தாங்குது, விடியக்காலையில இல்லை. சிக்னல் குறைஞ்ச இடத்துலதான் மாட்யூல் முழு பலத்தையும் இழுக்கும், தோட்டம் பூரா அப்படித்தான்.

வந்தபடியே ரெண்டு ரெண்டா பேரலல்ல மாட்டியிருந்தா இன்னும் மோசம். 3.9ஐயும் 2.7ஐயும் இணைச்சா நடுவுல 1.2 வோல்ட் வித்தியாசம், ரெண்டு செல்லுமா 220 மில்லி ஓம், மாட்டின நொடியில அஞ்சு ஆம்பியருக்கு மேல பாயும்.

இனி அவன் சொன்ன சாக்கு. அளவெடுத்த அட்டவணை, எடை, உறை கிழிச்ச படம் எல்லாம் அனுப்பினோம். முதல் பதில்: "கூரியர்ல குலுங்கினா வோல்டேஜ் மாறும் அண்ணே." குலுங்கினா வோல்டேஜ் மாறுமாம்! அடுத்தது: "உங்க சார்ஜர் கேலிப்ரேஷன் இல்லாதது." அதே சார்ஜர்லதான் அவனோட சாம்பிள் நாலும் 3300 காட்டுச்சு. அதைச் சொன்னதும் அண்ணே போயி சார் வந்துச்சு. "உறையைக் கிழிச்சுட்டீங்க சார், வாரண்டி கிடையாது." சரி, கிழிக்காத 50ஐத் திருப்பி எடுத்துக்கோன்னா, "லித்தியம் ரிட்டர்ன் கூரியர் எடுக்க மாட்டாங்க சார்." அனுப்புறப்போ மட்டும் எப்படி எடுத்தாங்களாம்?

அப்புறம் எல்லையைக் கொண்டு வந்தான். "உங்க பின்கோடு 629, தமிழ்நாடு. எங்க பிக்கப் 695க்குத்தான் இருக்கு, திருவனந்தபுரம் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க." பாறசாலை விலாசம் கொடுத்தோம், நம்ம ஆள் வீடுதான், களியக்காவிளையில இருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். உடனே "பில்லிங் அட்ரஸ் தமிழ்நாடாச்சே சார், சிஸ்டம் ஏத்துக்காது"ன்னுட்டான். பில்லே கொடுக்காத கடைக்கு பில்லிங் அட்ரஸ்! பாறசாலைக்காரர் மலையாளத்துல கூப்பிட்டுப் பேசினார், வேற யாரோ எடுத்து "முதலாளி இல்லை, நாளைக்குக் கூப்பிடுங்க"ன்னு வச்சுட்டாங்க. இப்போ நம்பர் பிளாக். 18,600 ரூபாய், ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுச் சேர்த்த காசு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு. 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள்ள கடை ஒப்புதல் கொடுக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். குறைதீர் அதிகாரி பேரும் தளத்துல இருக்கணும். இவங்க தளத்துல அது கிடையாது. பதில் வரலைன்னா நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துல போடப் போறோம். 2019 சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை.

விவரமா போடுறேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் புகாருக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அடுக்க வேண்டியிருக்கு, அதனால சட்டுன்னு:

சாம்பிளை நம்பாதீங்க. சாம்பிள் ஒரு சரக்கு, மொத்தம் வேற சரக்கு. மொத்தமா எடுக்கிறதுன்னா பாதிப் பணத்தைப் பார்சல் பிரிச்சு அளந்த பிறகு தர்றதா பேசுங்க, ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க.

பில் முதல்ல, பணம் அப்புறம். செல்லுலயோ பெட்டியிலயோ பிஐஎஸ் ஆர் எண் (இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு எண்) இருந்தா பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. இதுல எண்ணே இல்லை.

பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க, எல்லா செல்லுலயும் மீட்டர் வச்சு, வெட்டாம ஒரே வீடியோவா. வோல்டேஜ் ஆளுக்கொண்ணா இருந்தா உறையைத் தொடாம அப்படியே மூடி வச்சுட்டுப் புகார் போடுங்க.

2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கிறதை சார்ஜ் போட்டு எழுப்பப் பார்க்காதீங்க. ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க, குப்பைத்தொட்டியில போடாதீங்க.

இன்னிக்குக் காலையில அதே படம், அதே "ஏ கிரேடு", வேற வாட்ஸாப் நம்பர்ல 290 ரூபாய்னு ஓடிட்டு இருக்கு. விலை குறைஞ்சிருக்கேன்னு யாரும் பணம் போட்டுடாதீங்க.