பழைய ரயில் தடம் தேட எந்த வரைபடம்? சான்போர்னும் அதன் போட்டியாளர்களும்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பழைய ரயில் நிலையம் எங்கே இருந்தது, எப்போது இடித்தார்கள் என்று தேடுபவர்கள் முதலில் திறப்பது சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தை. 1867-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஏறத்தாழ 12,000 ஊர்களை வரைந்தது. அவற்றில் பெரும்பகுதியை அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் வண்ணத்தில் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. தேடலை இங்கே தொடங்குவது சரி, இங்கேயே முடிப்பது தவறு. காப்பீட்டுக்காரர் அறிய விரும்பியது எது எரியும் என்பதைத்தான். தண்டவாளம் எரியாது.

கட்டடங்களைப் பொறுத்தவரை சான்போர்னை எதுவும் மிஞ்ச முடியாது. அளவு பொதுவாக 1 அங்குலத்துக்கு 50 அடி. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் கல் அல்லது கான்கிரீட், சாம்பல் உலோகம். மூலையில் உள்ள எண் மாடிகளைக் குறிக்கும். பெருக்கல் குறி இருந்தால் மரச்சில்லுக் கூரை. ஒரு பதிப்பில் மஞ்சளாக இருந்த நிலையம் அடுத்த பதிப்பில் இளஞ்சிவப்பானால், அந்த இடைவெளியில் மரக் கட்டடம் போய்ச் செங்கல் கட்டடம் வந்திருக்கிறது. எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிள் 60 அடி என்றால் தாளில் 1.2 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேனில் அது 360 பிக்சல், அதாவது விட்டத்தை அளந்தே பார்த்துவிடலாம்.

வண்ணத்தின் அருமை கருப்பு-வெள்ளை மைக்ரோஃபிலிம் நகலைப் பார்த்தால்தான் புரியும். பல நூலகச் சந்தாக்களில் கிடைப்பது அந்த நகல்தான். அதில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு: புதிய தாள் அச்சிடாமல், மாறிய இடத்தில் மட்டும் துண்டுக் காகிதம் ஒட்டித் திருத்துவது அந்த நிறுவனத்தின் வழக்கம். தலைப்பில் 1911 என்றிருக்கும், ஒட்டிய துண்டோ பல ஆண்டுகள் பிந்தியதாக இருக்கும். வண்ண ஸ்கேனை நன்றாகப் பெரிதாக்கினால் ஒட்டின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். கருப்பு-வெள்ளையில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஆண்டை எழுதும் முன் விளிம்பைத் தேடுங்கள்.

தடங்களை மட்டும் சான்போர்னில் எண்ணாதீர்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டின் உட்பகுதியைச் சுருக்கியோ விட்டோ வரைவது சாதாரணம். ஊரின் நெருக்கமான பகுதிக்கு வெளியே இருக்கும் ஆலையோ கிடங்கோ, "நிலையத்துக்கு மேற்கே அரை மைல்" என்பது போன்ற குறிப்போடு தாளின் காலி மூலையில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை வரைந்த இடத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொண்டால், இல்லாத சைடிங் (பக்கத் தடம்) ஒன்றைத் தேடி அலைய நேரும்.

தடமும் நிலமும் வேண்டுமென்றால் ரயில்வே மதிப்பீட்டு வரைபடங்கள்தான். 1913-இல் வந்த மதிப்பீட்டுச் சட்டப்படி மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்துக்காக ரயில் நிறுவனங்களே வரைந்தவை இவை. நிலையப் பகுதிகளுக்குப் பொதுவாக 1 அங்குலத்துக்கு 100 அடி. ஒவ்வொரு தடமும் பாலமும் மதகும் அதில் இருக்கும்; நிலம் யாரிடமிருந்து எந்தப் பத்திரத்தில் வந்தது என்ற அட்டவணையும் சேர்ந்திருக்கும். பாதையில் 100 அடிக்கு ஓர் எண் ஓடும்: 528 என்றால் தொடக்கத்திலிருந்து 52,800 அடி, சரியாக 10 மைல். பாதையைத் திருத்தியமைத்த இடத்தில் எண் தாவும், அங்கே இரண்டு எண்களைச் சமக்குறி போட்டு எழுதியிருப்பார்கள். அதைக் கவனிக்காவிட்டால் தூரக் கணக்கு முழுவதும் பிசகும். குறை என்னவென்றால், 1913-க்கு முன் மறைந்த தடங்களுக்கு இவை உதவாது. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவை எல்லாம் இணையத்தில் வந்துவிடவும் இல்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நிலவரைபடம் வேறு வகை. 1:62,500 அளவில் அதே டர்ன்டேபிள் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் ஊர்களுக்கிடையே பாதை எப்படி வளைந்தது, கைவிட்ட கிளைப்பாதை எங்கே பிரிந்தது என்பதைக் காட்டுவது இதுதான். அந்த ஆய்வகத்தின் டோப்போவியூ தளத்தில் இட ஆயங்களோடு இலவசமாக இறக்கலாம். அச்சிட்ட ஆண்டை விட்டுவிட்டு, அளவை செய்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்போர்ன் தாளை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். முதலில் வடக்கு அம்புக்குறி. அடுத்தடுத்த தாள்களிலேயே அது திசை மாறும். மூலையில் செருகிய சிறு படங்களை வெட்டித் தனிக் கோப்பாக்குங்கள். கியூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், பழைய தாளிலும் இன்றைய வரைபடத்திலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளை ஒரு தாளுக்கு ஆறாவது, நான்கு மூலைக்கும் பரவலாக, தெருச் சந்திப்பின் மனை எல்லையில் வையுங்கள். நடைபாதை விளிம்பு வேண்டாம், தெருவை அகலப்படுத்தும்போது அது நகர்ந்திருக்கும். தாளைப் பொருத்தும் உருமாற்றத்துக்கு, நேர்கோட்டை நேராகவே வைக்கும் ஹெல்மெர்ட் அல்லது முதல்படிப் பல்லுறுப்புக் கோவை முறை போதும். தாளை இடத்துக்கு இடம் வளைக்கும் தின் பிளேட் ஸ்பிளைன் முறையைப் போட்டால் எல்லாப் புள்ளியும் கச்சிதமாக உட்காரும், பிழையும் பூஜ்யம் என்று காட்டும். நேராக ஓடிய தடமோ இரு புள்ளிகளுக்கு நடுவே வளைந்துவிடும். ஒரு புள்ளியில் மட்டும் பிழை 10 அடியைத் தாண்டினால் அந்தப் புள்ளியை நீக்கிப் பாருங்கள். அப்போது தாள் பொருந்திவிட்டால், அந்தச் சந்திப்பே இடம் மாறியிருக்கலாம். மதிப்பீட்டு வரைபடத்தில் அதே குறுக்குத்தெரு எந்த எண்ணில் தடத்தைக் கடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.