வெளியாரிடம் விட்ட மென்பொருள் வேலை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நாங்கள், கட்டிங்கில் எவ்வளவு துணி வீணாகிறது என்பதைக் கணக்கிடும் மென்பொருளை எழுதித் தரும்படி கோயம்புத்தூரிலுள்ள ஒரு சிறு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். இரண்டு நிரலாளர்களை நாங்களே அமர்த்தியிருந்தால், சம்பளத்தோடு 12 சதவீத வருங்கால வைப்பு நிதிப் பங்கும், வேலையில்லாத மாதங்களின் செலவும் தலையில் விழுந்திருக்கும். இங்கோ 18 சதவீத ஜிஎஸ்டியைக்கூட உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழிக்கும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடிந்தது. முதல் பதிப்பில் ரிப் துணிக்கும், பொதுவாக அதைவிட மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணிக்கும் ஒரே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) போட்டிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். அதைத் திருத்தத் தனிக் கட்டணம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாதது எங்கள் பிழைதான். மூலநிரலை அவர்கள் எங்களிடம் முழுவதுமாகக் கொடுத்துவிட்டதால், அடுத்த கட்ட வேலையும் அவர்களுக்கே. இம்முறை முதல் கூட்டத்திலேயே கட்டிங் மாஸ்டரும் உட்கார்ந்தார்.