வேலூர் சத்துவாச்சாரி டூ காட்பாடி ஸ்கூல் வேன்: 5 ஸ்டார் குடுத்தத மாத்தி எழுதுறேன்

போன வருஷம் ஜூன்ல இந்த வேனுக்கு 5 ஸ்டார் போட்டு எழுதுனது நான் தான். அத படிச்சிட்டு எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல சேத்தாங்க. அதுல ஒரு வீட்டுல இப்ப புள்ள இல்ல. அதனால மறுபடி எழுதுறேன், கொஞ்சம் பெருசா தான் வரும், பொறுத்துக்கோங்க. வண்டி பேரு, ஸ்கூல் பேரு ரெண்டும் போடல. எனக்கு பயம்லாம் ஒன்னும் இல்ல, பையன் யாருனு ஊரு பேச வேணாம்னு அந்த அம்மா கேட்டுக்கிட்டாங்க.

மொதல்ல வண்டிய பத்தி சொல்லிடுறேன். மாசம் 1600, ஏப்ரல் மே லீவுக்கும் பாதி பீஸ் வாங்குவாங்க, இங்க எல்லா வேன்காரங்களும் பண்றது தான் அது. மஞ்ச போர்டு, கண்ணாடில ஆன் ஸ்கூல் டூட்டினு ஸ்டிக்கர், காலைல 7.20க்கு முனைல வந்து ஹாரன் அடிப்பாரு, ஒரு நாள் கூட லேட் ஆனதில்ல, பாலாத்து பாலத்துல டிராபிக் நின்னா கூட எப்படியோ பெல்லுக்கு முன்னாடி எறக்கி விட்டுருவாரு. பாட்டு சிஸ்டம் வேற சூப்பரா இருக்கும். 14 சீட்டு வண்டில 22 பசங்க, அதயும் நான் போன தடவ எழுதல, ஏன்னா என் பையனுக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிருந்துச்சு.

அட்டெண்டர் கெடையாது. 2012ல தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் ஓட்டை வழியா ரெண்டாவது படிக்கற கொழந்த விழுந்து செத்துச்சே, அதுக்கு அப்புறம் தான் தமிழ்நாட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்குனே தனி ரூல்ஸ் போட்டாங்க, அதுல அட்டெண்டர் கட்டாயம். எங்க வேன்காரர கேட்டா அது ஸ்கூல் பஸ்ஸுக்கு மேடம், நம்மளுது தனி வண்டின்னாரு. சரி அப்போ யாரு பாத்துப்பாங்கன்னா, பெரிய பசங்க இருக்கானுங்களே ஒம்பதாவது, அவனுங்க பாத்துப்பானுங்கனு சொன்னாரு. கதவ தொறக்கறது, யாரு வந்தா யாரு வரலனு பாக்கறது, யாரு எங்க உக்காரணும்னு சொல்றது எல்லாம் அந்த மூனு பசங்க கைல. எனக்கு அப்போ நல்ல ஐடியாவா தான் பட்டுச்சு.

அந்த பையன் ஏழாவது. பேச்சு திக்கும். க, கி வந்தா மாட்டிக்குவான். இவனுங்க கண்டுபுடிச்சிட்டானுங்க. தினமும் சாயங்காலம் வண்டி கிரீன் சர்க்கிள் ரவுண்டானா கிட்ட வரப்போ "டேய் ஸ்டாப்பிங் பேர சொல்லுடா, சொன்னா தான் சீட்டு"னு நிக்க வெச்சி, அவன் கி கி கினு திணறுறத எல்லாரும் சேந்து எண்ணுவாங்களாம், எத்தன கி வந்துச்சுனு. டிபன் பாக்ஸ புடுங்கி பின்னாடி பாஸ் பண்றது, ஷூ லேஸ சீட்டு கம்பில கட்டி வுடுறது. சத்தம் ஜாஸ்தியானா டிரைவர் பாட்டு சவுண்ட ஏத்திடுவாராம், அவரே போலீஸ்ல இத சொல்லிருக்காரு, தப்புனு தெரியாமலே சொல்லிருக்காரு, பசங்க சத்தம் போட்டா டிரைவிங்ல கவனம் போய்டும் சார்னு.

கொஞ்ச நாள்ல அவன் கிரீன் சர்க்கிள்லயே எறங்க ஆரம்பிச்சிட்டான். அங்கேந்து எங்க ஏரியாவுக்கு ஹைவே சர்வீஸ் ரோட்டுல பைய மாட்டிக்கினு நடந்தே வருவான், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. அம்மா கிட்ட டியூஷன் பையன் கூட வரேன்னு சொல்லிருக்கான். மழைக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், இருட்டிக்கினு வந்துச்சு, ரிவர்ஸ் எடுத்த லாரி. அவ்ளோ தான், அதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

எப்ஐஆர்ல லாரி டிரைவர் பேரு மட்டும் தான் இருக்கு. ரிவர்ஸ் எடுத்தப்போ பாக்கல, அவர் தப்பு தான், இல்லனு சொல்லல. ஆனா வீட்டு வாசல்ல எறக்கறேன்னு மாசம் 1600 வாங்குன வண்டில வர வேண்டிய புள்ள அந்த நேரத்துல அந்த ரோட்டுல இன்னா பண்ணினு இருந்தான்னு யாருமே கேக்கல. ஸ்கூல்ல போய் கேட்டா, கேட்டுக்கு வெளிய நடக்கறதுக்கு நாங்க பொறுப்பு இல்லனாங்க. (இதே ஸ்கூல் அட்மிஷன் அன்னிக்கு டேபிள்லயே இந்த வேன்காரர் நம்பர தான் குடுத்தாங்க, அது மட்டும் கேட்டுக்கு உள்ள.) வேன்காரரு, பையன் தானே எறங்குறேன்னு சொன்னான் நான் இன்னா கட்டி போடவா முடியும்ன்றாரு. அந்த மூனு பசங்கள்ல ஒருத்தனோட நைனா, பசங்கன்னா வெளாட தான் செய்வாங்க, நாங்கலாம் வாங்காத அடியானு சிரிச்சாரு. சாவு வீட்டுக்கு வந்துட்டு போறப்போ இத சொன்னாரு, நான் பக்கத்துல நின்னுனு இருந்தேன்.

எங்க மாடில குடி இருக்கற வக்கீல் மாமா சத்துவாச்சாரி கோர்ட்டுல தான் ப்ராக்டிஸ். அவர்கிட்ட தான் கேட்டேன். 1996ல சிதம்பரத்துல மெடிக்கல் படிச்ச நாவரசுவ சீனியர் கொன்னான் இல்ல, அதுக்கு அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல ராகிங் தடை சட்டம் வந்துச்சு, அதுல கல்வி நிறுவனத்துக்கு உள்ளயும் சரி வெளியயும் சரி ராகிங் கூடாதுனு தெளிவா இருக்கும்மா, கேட்டுக்கு வெளியன்ற பேச்சே செல்லாதுன்னாரு. 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 வரைக்கும் பைன். அத விட முக்கியம், புகார் வந்தும் தலைமைல இருக்கறவங்க நடவடிக்க எடுக்காம விட்டா அவங்களும் அதுக்கு தொண போனதா தான் சட்டம் எடுத்துக்கும். காலேஜ மனசுல வெச்சி வந்த சட்டம் தான், ஸ்கூலுக்கும் இழுக்கலாம்ன்றது மாமாவோட வாதம். சிறார் நீதி சட்டம் 75வது பிரிவு தனியா இருக்கு, புள்ளைய பொறுப்புல வெச்சிருக்கறவங்க தெரிஞ்சே கவனிக்காம விட்டா அதுவும் குத்தம்.

எல்லாம் சொல்லிட்டு கடைசில ஒன்னு கேட்டாரு. எழுத்துல யாராச்சும் புகார் குடுத்திங்களானு.

யாரும் குடுக்கல. அவங்க அம்மா ஒரு தடவ வேன்காரருக்கு போன் பண்ணி புள்ளைய கிண்டல் பண்றாங்களாம் பாத்துக்கோங்கனு சொன்னதோட சரி. எங்க வீட்ல நடந்தது அதுக்கும் கீழ. என் பையன் ஆறாவது, ஒரு நாள் சாப்டுனு இருக்கப்போ சொன்னான், அம்மா அந்த அண்ணன் இப்பலாம் கிரீன் சர்க்கிள்லயே எறங்கிடுறான், அழுதுனே போறான்னு. உனக்கு எதுக்குடா, நீ உன் வேலைய பாருனு சொன்னேன். தோச ஊத்திக்கினே சொன்னேன். இவனும் எண்ணுனவங்கள்ல ஒருத்தனானு இன்னும் கேக்கல, கேக்க தெம்பு இல்ல.

14 வயசு பசங்கள தூக்குல போடணும்லாம் நான் சொல்லல, அவனுங்க விஷயம் சிறார் போர்டுக்கு போனா போகட்டும், ஆனா அவனுங்க கைல சாவிய குடுத்தவரு முழு ஆளு. அவர வேலைக்கு காட்டி விட்ட ஆபிஸ் ரூம்ல உக்காந்திருக்கறவங்களும் முழு ஆளுங்க. எனக்கு கோவம் அவங்க மேல தான் மொதல்ல, அப்புறம் என் மேல, லாரி டிரைவர் அதுக்கெல்லாம் அப்புறம். காரியம் முடிஞ்ச வாரமே வேன் குரூப்ல பீஸ் பாக்கி லிஸ்ட் போட்டாங்க, மூனாவது பேரு அந்த பையன் பேரு. நான் போன் பண்ணி கத்துன அப்புறம் தான் டெலிட் பண்ணாரு, "சாரிக்கா பழைய லிஸ்ட்டு அப்டியே பார்வர்ட் ஆய்டுச்சு"னு.

இப்ப நான் ஸ்கூட்டில தான் கொண்டு போய் விடுறேன், பெட்ரோல் பாத்தா 1600ஐ தாண்டுது, ஆபிஸ்க்கு தினமும் லேட்டு. எல்லாராலயும் முடியாதுனு தெரியும். வேன் வெச்சே ஆகணும்னா ஒரு நாள் சொல்லாம ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காந்து பாருங்க, யாரு கதவு தொறக்கறாங்கனு பாருங்க. புள்ள ஏதாச்சும் சொன்னா ஸ்கூலுக்கு எழுதி குடுத்து சீல் போட்ட காப்பி வாங்குங்க. பள்ளிக்கல்வி துறை ஹெல்ப்லைன் 14417, கொழந்தைங்களுக்கு 1098, ரெண்டு நம்பரும் எனக்கு எல்லாம் முடிஞ்ச அப்புறம் தான் தெரிஞ்சுது. அந்த அம்மா இப்ப பாகாயம் சிஎம்சி மனநல பிரிவுக்கு போய்னு இருக்காங்க, நான் தான் வண்டில கூட்டினு போறேன், போறப்போ வரப்போ ஒன்னும் பேசறதில்ல.

ஸ்டார மட்டும் தான் மாத்திருக்கேன். போன வருஷம் எழுதுனத அழிக்கல, அது கீழயே இருக்கட்டும்:

"செம சர்வீஸ். டைமுக்கு வரும். டிரைவர் அண்ணன் நல்ல டைப்பு. பெரிய பசங்க சின்ன பசங்கள நல்லா பாத்துக்குறாங்க, வண்டில ஒரே ஜாலி, சிரிப்பு சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். தாராளமா சேக்கலாம்."